மூன்று பிரதிகள்

டொலீடோவில் எங்களுக்குப் புதன்கிழமை
செவ்வாய் இரவே தொடங்கிவிடும்.
கடையின் பின்னறையில்
அட்டைப்பெட்டியின் வயிற்றைக் கத்தியால் கீறுவேன்.
மேலே இருப்பது எப்போதும் வெண்கல வல்லூறு.
அறுபது பிரதிகள், நான்கு விதமான அட்டைகள்,
உள்ளே ஒரே கதை.
அடியில், பொதிதாளோ என்று ஏமாறும்படி,
உப்புக் கிடங்கு.
மூன்றே மூன்று.

ஒன்று எனக்கு.
ஒன்று டெசரேக்கு. இரவுப் பணி முடிந்து
செவிலிச் சீருடையோடு வருவாள்,
நின்றபடியே பாதியைப் படித்துவிட்டுத்தான் காசு தருவாள்.
மூன்றாவது
ஜன்னலோரம் வெயில் குடித்து மஞ்சளாகும்.

ஆர்லன் ப்ரூயிட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
முப்பத்தொரு வருடமாக வல்லூறுதான்.
அது ஆறு முறை செத்ததை
இதழ் எண்ணோடு சொல்வார்,
யார் கையால், எந்தக் கட்டடத்தின் உச்சியில் என்று.
ஆறு முறையும் திரும்பி வரும் என்பது
அவருக்கு முன்பே தெரியும்.
தெரிந்தே அழுதீர்களா என்று கேட்டேன்.
"இரண்டாம் முறை மட்டும்.
படம் நன்றாக இருந்தது."

நான் விடமாட்டேன். எனக்கு அந்த நோய் உண்டு.
பதினான்கு பேர் கைமாறி
கூடு விட்டுக் கூடு பாய்கிற பறவை அது,
கம்பெனிப் பறவை,
வரைந்தவனுக்கு ஓர் இறகுகூடச் சொந்தமில்லை என்பேன்.
இதைப் பாருங்கள்,
இல்டிகோ போரோஷ், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரி,
கண்ணாடி ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து
சாப்பாட்டு மேசையில் வரைகிறாள்,
கோடெல்லாம் அவளுடையது,
கோணல்கூட அவளுடையது.

ஆர்லன் புரட்டினார்.
பின்சீட்டுப் பையனைக் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வை.
"கலர் இல்லை. யாரும் பறக்கவில்லை.
ஐந்து பக்கமாக ஒரு பெண் உப்பு அள்ளுகிறாள்."
ஆமாம் என்றேன்.
"எட்டு மாதத்துக்கு ஓர் இதழ்."
ஆமாம்.
"நான் எட்டு மாதம் தாமதமாகப் போனால்
பிள்ளைகள் மீசையோடு நிற்பார்கள்."

ஜனவரியில் பனி. பள்ளிகள் மூடிய வாரம்.
பேருந்து இல்லாத மனிதர்
நாள் முழுக்கக் கடையில் உலாத்தினார்.
சாயங்காலம் எண்ணிப் பார்த்தால்
ஜன்னலோரத்தில் மூன்றாவது இல்லை.
கல்லாவின் பக்கத்தில்
சரியான சில்லறை, அடுக்கி வைத்தது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில், வேறெதையோ பார்த்துக்கொண்டு:
"ஆறு எப்போது?"

வராது.
இல்டிகோ ஒரு தபால் அட்டை போட்டிருந்தாள்.
கிடங்கை மூடிவிட்டேன், ஐந்தோடு சரி.
அவ்வளவுதான். காரணம் இல்லை, கையெழுத்து மட்டும்.

"வேறு யாராவது வரையலாமே."
அது அவளுடையது, ஆர்லன்.
அவள் மூடினால் மூடியதுதான்.
சொல்லும்போதே நாக்கு வறண்டது.
பத்து வருடமாக நான்
கூவிக் கூவி விற்றது இதைத்தானே.

"கடைசிப் படத்தில் மழை பிடிக்கிறது" என்றார்.
தெரியும்.
"படகுத்துறையில் நிற்கிறாள்.
மூட்டை வாய் திறந்திருக்கிறது."
தெரியும்.
"உப்பு."
தெரியும், ஆர்லன்.

வல்லூறுவை வாங்கிக்கொண்டார்.
கறுப்பு அட்டை, ஏழாவது மரணம்,
இந்த முறை நிஜமாகவே என்று வெள்ளி எழுத்தில்.
கதவைத் திறந்தவர்
மணி ஆடி நிற்கும்வரை அங்கேயே நின்றார்.
"ஒரு தார்ப்பாயாவது வரைந்திருக்கலாம்" என்றார்,
என்னிடம் இல்லை,
ஆற்றுக்கு அந்தப் பக்கத்திடம்.

அன்றிரவு அறுபதில் மிஞ்சிய ஒன்றை
கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
விளக்கைப் பாதி தணித்துவிட்டுப் படித்தேன்.
வல்லூறு விழுகிறது, பதினொரு பக்கம்
விழுந்துகொண்டே இருக்கிறது.
அடுத்த மாதம் எழுந்துவிடும், கடவுளே,
அதுகூடத் தெரியாதா எனக்கு.

படம் நன்றாகத்தான் இருந்தது.